புள்ளடி

அக்குறணைச் சந்திக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் இருக்கும்போதே பஸ் நின்றுவிட்டது. சேறு அள்ளும் இயந்திரம் ஒன்று பாதையைக் குறுக்கே மறித்து நின்றது. ஐரின் இறங்கினாள். கந்தோருக்குப் போடும் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாதையின் இரண்டு பக்கமும் கடைகள் வாயைப் பிளந்து கிடந்தன. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. ஊறிப் பெருத்த அரிசி மூட்டைகள், நிறம் கலந்துபோன புடைவைக் கட்டுகள், மல்லாந்து கிடந்த குளிர்சாதனப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேச்சில்லாமல், வாளி வாளியாகச் சேற்றை வாரிக் கொட்டினார்கள். கரை உடைத்து வந்து இவ்வளவையும் செய்த பிங்கா ஓயா ஆறு, கடைகளின் முதுகுக்குப் பின்னால், முழங்கால் அளவுத் தண்ணீரோடு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அங்கே வரவேண்டிய அவசியமே இல்லை. கார்களைப் பார்த்துச் சேதம் எழுதுவது மதிப்பீட்டாளரின் வேலை. அவர் முதல்நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஐரின் கண்டி நகரில், காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கிளையில், முன் மேசையில் உட்கார்ந்து வாகனங்களுக்குக் காப்புறுதி எழுதுகிறவள். தலையிடி என்று பொய் சொல்லி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவளிடம் காருக்குக் காப்புறுதி எடுத்திருந்த லாபிர் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். முதல் தரம், காருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று சொல்ல. அதை அவளால் தாங்க முடிந்தது. இரண்டாம் தரம் காரைப் பற்றி அவர் பேசவேயில்லை. "உங்கட பக்கம் எப்பிடி மகள்? குண்டசாலையில மண் கிண் சரிஞ்சதா? ஊட்டுல எல்லாரும் சொகமா ஈக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளால் மேசையில் உட்கார முடியவில்லை.

லாபிர் முதன்முதலாக அவளுடைய மேசைக்கு வந்தது ஆகஸ்ட் மாதக் கடைசியில். அறுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருடம் தபாலகங்களில் வேலை செய்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட், மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி. ஓய்வுக் கொடுப்பனவில் பெரும்பங்கைப் போட்டு, பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஏன் மின்சாரக் கார் என்று ஐரின் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், கட்டுகஸ்தோட்டையில் அவர் தம்முடைய பழைய காரோடு இரண்டு நாள் வரிசையில் நின்றார். இரண்டாம் நாள் மத்தியானம் வீட்டில் அவருடைய மனைவி கைரியா குசினியில் விழுந்தார். அக்கம்பக்கத்தில் வாகனங்கள் இருந்தன, எதிலும் பெற்றோல் இல்லை. எங்கிருந்தோ ஒரு ஓட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வந்திருந்தால் இடது கையையும் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

"அண்டைக்கு நிய்யத்து வெச்ச மகள். இனிப் பெற்றோலுக்கு ஒருத்தன்ட கையையும் பாக்கிறல்ல. கூரைக்கு சோலர் போட்டாச்சி. வெயில் ஈக்கி, கரண்ட் ஈக்கி. கெழமைக்கு ரெண்டு நாள் பேராதனைக்கு அவவ எக்ஸர்சைஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் என்ட ஓட்டம்."

ஐரின் கணினியில் விபரங்களைப் போட்டாள். வந்த தொகையைப் பார்த்து லாபிர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம். பக்கத்து வீட்டு அஸ்ஃபரின் பெற்றோல் காரும் ஏறக்குறைய அதே விலைதான், அவர் கட்டுவது இதில் முக்கால்வாசிகூட இல்லை என்றார். ஐரின் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். மின்சாரக் காரின் விலையில் பாதி அதன் பற்றரியில் இருக்கிறது, அது காரின் வயிற்றுக்கடியில் இருக்கிறது, அடிபட்டால் திருத்த ஆளில்லை, மாற்றத்தான் வேண்டும், சாமான் வர மாதக்கணக்காகும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு திரையில் ஒரு வரியைக் காட்டினார்.

"இது எனத்த? இது மட்டும் தனியாக் கூடீக்கி."

அது வெள்ளம், புயல், மண்சரிவுக்கான காப்பு. அக்குறணை விலாசத்தைப் போட்டதும் கணினி தானாகவே அந்த வரியை ஊதிப் பெருக்கியிருந்தது. ஐந்தாறு வருடத்தில் எத்தனை தரம் அந்த ஊருக்குள் தண்ணீர் ஏறியது என்பது கம்பனிக்குத் தெரியும்.

"எங்கட ஊர்ல பொறந்ததுக்கும் ஃபைன்" என்று லாபிர் சிரித்தார். சிரித்தாலும் எழும்பத்தான் பார்த்தார். இன்னொரு கம்பனி ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். யோசித்துவிட்டு வருகிறேன் என்றார்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முகாமையாளர் கிருஷாந்தன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், ஐரினைவிட ஆறேழு வயது இளையவன். அவன் வெளியே வந்து, கோப்பு ஒன்றைத் தேடுவதுபோல அவள் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னான்: "ஐரின், எப்பிடியாவது முடியுங்கோ. மாசக் கடைசி. இது வந்திட்டா உங்கட கடிதத்துக்கு நான் பொறுப்பு."

கடிதம் என்றால் நிரந்தர நியமனக் கடிதம். ஆறு வருடமாக ஐரின் அங்கே ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று காத்திருந்து காத்திருந்து அவளுக்கு நத்தார்ப் பண்டிகை என்றாலே பயம். இலக்கை எட்டுவதற்கு அவளுக்கு இன்னும் ஒரேயொரு காப்புறுதி வேண்டியிருந்தது.

"சேர், கொஞ்சம் இருங்க. ஒரு லட்சத்து எழுபத்தொம்பதாயிரத்துக்கு என்னால முடிச்சுத் தர ஏலும்" என்றாள்.

லாபிர் திரும்பி உட்கார்ந்தார். கைரியா வெளியே காருக்குள் இருந்தார். நிறுத்தக்கூடாத இடம், பொலிஸ் வந்துவிடும் என்ற பதற்றம் லாபிருக்கு. ஐரின் பென்சிலால் அடையாளமிட்ட மூன்று இடங்களிலும் கையெழுத்து வைத்தார். படிவத்தில் பாதிக் கட்டங்கள் அப்போது வெறுமையாக இருந்தன. எழும்பும்போது, ஏதோ நினைவு வந்தவராக, "எல்லாம் ஈக்கிதானே மகள்? தண்ணி கிண்ணி வந்தாலும்?" என்று கேட்டார்.

"ஃபுல் இன்சூரன்ஸ்தானே சேர்" என்றாள் ஐரின்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதன் பெயர் ஃபுல் இன்சூரன்ஸ்தான். அவர் "சரி மகள், சரி" என்றபடி வாசலைத் தாண்டிப் போனதும், அவர் கையெழுத்து வைத்த அதே நீலப் பேனையால், வெள்ளம், புயல், மண்சரிவு என்ற வரிக்கு நேரே 'வேண்டாம்' என்ற கட்டத்துக்குள் ஐரின் ஒரு புள்ளடி போட்டாள். சின்னப் புள்ளடி. இரண்டு கோடு. அவரைப் பிறகு கூப்பிட்டு, கூடுதல் காசைக் கட்டவைத்து அதைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். 'லாபிர் சேர் - வெள்ளம்' என்று மஞ்சள் தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தாள். செப்டெம்பர் நடுவில் அவளுடைய கடிதம் வந்தது. கந்தோரில் கேக் வெட்டினார்கள். மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்த அன்று அந்த மஞ்சள் தாளையும் கசக்கிக் கூடைக்குள் போட்டுவிட்டாள்.

லாபிரின் வீடு பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. முற்றத்தில் கார் நின்றது. நான்கு கதவுகளும் திறந்திருந்தன. கண்ணாடியின் கீழ்விளிம்புவரை சேறு ஒரு கோடு கிழித்திருந்தது. ஆசன உறைகளையெல்லாம் கழற்றி யாரோ கழுவிச் சுவரில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பயனில்லாத வேலை. பிலிமத்தலாவையிலிருந்து கராஜ்காரர் ஒருவர் வந்து, பற்றரிக்குள் தண்ணீர் போய்விட்டது, இனிக் கிட்டப் போகவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூரையில் சோலர் தகடுகள் மழையில் கழுவப்பட்டுப் பளபளத்தன.

"அல்லாஹ், நீங்க ஏன் மகள் இந்தச் சேத்துக்குள்ள?" என்று லாபிர் ஓடி வந்தார். சாரமும் பெனியனுமாக அவரைப் பார்க்க, ஐரினுக்கு வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது. உள்ளே கைரியா, செங்கற்களின் மேல் தூக்கி வைத்த கட்டிலில் சாய்ந்திருந்தார். தண்ணீர் ஏறியபோது அஸ்ஃபர்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தம்முடைய வீட்டு மேல்மாடிக்கு ஓடினாராம். ஈரம் காயாத கதிரை ஒன்றை லாபிர் துணியால் துடைத்துப் போட்டார். பால் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சாயத் தேத்தண்ணி கொண்டு வந்தார்.

ஐரின் காத்திருந்தாள். இதோ கேட்கப்போகிறார், இதோ சத்தம் போடப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பிளாஸ்ரிக் உறை போட்ட காப்புறுதிக் கோப்பு ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். அதை ஒருதரம் தடவினார்.

"அந்த மிஸ்டர் நேத்து வந்து ஃபோட்டோ எல்லாம் எடுத்தார். எடுத்துட்டு, வெள்ளத்துக்கு வேண்டாம்னு நீங்களே புள்ளடி போட்டீக்கிங்களேன்னு ஃபோன்ல ஃபாரத்தக் காட்டினார். நான் சண்டைக்கே போயிட்டேன் மகள். அந்த மிஸ் எனக்கு எல்லாம் ஈக்கின்னு செல்லித்தான் தந்தாங்க, உங்கட கம்பியூட்டர்லதான் பிழைன்னு செல்லிட்டேன்." அவர் நிறுத்தினார். "பொறகு உத்துப் பாத்தேன். என்ட கையெழுத்துத்தான். அதே மை. நான் எப்ப அத்தப் போட்டேன்? ராவெல்லாம் யோசிக்கேன், ஞாபகமே வருதில்ல."

ஐரின் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் ஊராக்களுக்கு ஃபாரம் நெரப்பிக் குடுத்தவன். வாசிச்சிப் பாக்காம புள்ளடி போடவேண்டாம்னு ஆயிரம் பேருக்குச் செல்லீக்கேன். என்ட கூடப்பொறந்த மூத்த நானாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கின. அறுபது அறுபத்திரண்டு ஈக்கும். மொதல்ல சாவி. பொறகு காசு. கடைசில என்னைப் பாத்து, நீங்க ஆருட மகன்னு கேட்டார்." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கட்டிலில் இருந்து கைரியா ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணி, சொற்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு வந்தன. "இவர்... மறக்கிற... ஆள் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் கணவரைப் பார்க்கவில்லை. ஐரினைத்தான் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த ஈரக் கதிரையில் இருந்தபடி சொல்லியிருக்கலாம். ஐரின் சொன்னது இதுதான்: "அப்படியெல்லாம் யோசிக்காதீங்க சேர். வயசு போகப் போக எல்லாருக்கும் வர்றதுதானே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, ஆகஸ்டில் செய்தது சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. அது காசு விஷயம், ஒரு காரின் விஷயம். இன்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னாளே, அதுதான் பெரியது. ஒரு மனிதரின் தலைக்குள் கையை விட்டு, அங்கே இல்லாத ஓட்டையை இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் நிராகரிப்புக் கடிதங்கள் போகத் தொடங்கின. கிளையில் தமிழ்க் கடிதங்களை எழுதுவது ஐரின்தான். 'தாங்கள் சுயவிருப்பின் பேரில் மேற்படி காப்பைத் தவிர்த்துள்ளமையினால் தங்களது கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாதுள்ளமையை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.' லாபிரின் பெயரையும் வாகன இலக்கத்தையும் தட்டிவிட்டு, 'சுயவிருப்பின் பேரில்' என்ற இடத்தில் அவளுடைய விரல் நின்றது. பிறகு அச்செடுத்து, கையெழுத்துக்காகக் கிருஷாந்தனின் அறைக்குக் கொண்டுபோனாள். அவன் கையெழுத்து வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"சேர், ஒரு கஸ்டமர் கையெழுத்து வச்சதுக்குப் பொறகு யாராவது கட்டத்த நெரப்பியிருந்தா என்ன செய்வாங்க?"

கிருஷாந்தன் பேனையை மூடினான். மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவனுடைய காதுமடல் சிவந்ததில் தெரிந்தது.

"ஐரின், இந்தக் கதை இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும். கையெழுத்து இருக்குதெல்லோ. நீங்கள் வாயைத் திறந்தா உங்கட வேலை மட்டும் இல்ல, என்ர வேலையும் போகும். எனக்கு போன மாசம்தான் பிள்ளை பிறந்தது, தெரியும்தானே?" அதட்டலாகத் தொடங்கியது கெஞ்சலில் போய் முடிந்தது. "நான் எப்பிடியாவது முடியுங்கோ எண்டு சொன்னனான்தான். இப்பிடி முடிக்கச் சொல்லேல்ல."

அதுவும் உண்மைதான். அவன்மேல் பழி போட்டுத் தப்பலாம் என்று அவள் அதுவரை மனதின் ஒரு மூலையில் வைத்திருந்த கதவும் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை பின்னேரம் மாதா கோவிலுக்குப் போனாள். நத்தாருக்கு முந்திய பாவசங்கீர்த்தனத்துக்கு நீளமான வரிசை. முழந்தாளிட்டு, பலகை வலைக்கு அந்தப் பக்கம் சுவாமியின் காது தெரிய, பிள்ளையை அடித்தேன், இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை, கணவனிடம் கோபப்பட்டேன் என்று அடுக்கினாள். வேறேதும் உண்டா என்று சுவாமி கேட்டார். இல்லை சுவாமி என்றாள். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவள் அவற்றைச் சொல்லாமலே எழும்பி வந்துவிட்டாள். அந்தக் கணக்கில் அது தீராது என்று தெரிந்திருந்தது.

கணவன் ரொனியிடம் மட்டும் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீ அவருக்குக் காசு குடுக்கணும்னா எங்கிட்ட எங்க இருக்கு?" என்றான். சற்றுப் பொறுத்து, "ஒன்னய யாராவது கேட்டாங்களா? கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்லப் போற?" என்றான். கெட்டவன் இல்லை. ஆறு டிசம்பர்களையும் அவளோடு சேர்ந்து பயந்து கழித்தவன்.

டிசம்பர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிபோல, லாபிர் கந்தோருக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், சேர்ட் தோளில் கசங்கியிருந்தது. இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு, முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அவளுடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். சேர்ட் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். ஐரின் தலைகீழாக வாசித்தாள். 'கேஸ் அடுப்பு மூடினேன் - 8.10. கதவு பூட்டினேன், சாவி கைரியாவிடம். பஸ் காசு குடுத்தேன். இன்சூரன்ஸ் - சீட்டு 27.'

அவள் பார்ப்பதை அவர் கண்டுகொண்டார். "எழுதி வெச்சாத்தான் மகள் இப்ப நிம்மதி. போன கெழமை மருந்துக் கடையில காசு குடுக்காம வந்துட்டேனோன்னு பாதி வழியில யோசனை வந்திச்சி. திரும்பிப் போனேன். குடுத்தீக்கேனாம். அந்தப் பொடியன் சிரிச்சான்." பிறகு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தலைமையகத்துக்கு ஒரு அப்பீல் எழுதீக்கேன். ஒருக்காப் பாத்துத் தாங்க. எழுத்துப் பிழை ஈந்தாத் திருத்துங்க."

அச்சடித்தது போன்ற கையெழுத்து. மேலே திகதி, இடது பக்கம் சரியான ஓரம். மனைவியின் நோயைப் பற்றி இரண்டு வரி, அழுகையில்லாமல். கடைசிப் பந்தி இப்படி இருந்தது: 'மேற்படி புள்ளடியானது எனது ஞாபக மறதியினால் நேர்ந்த தவறாகும். இது தொடர்பில் எதிர்வரும் ஜனவரி மாதம் பேராதனையில் வைத்தியப் பரிசோதனைக்குத் திகதி பெற்றுள்ளேன். தங்களது உத்தியோகத்தர் மீது எதுவித குறையுமில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கின்றேன்.'

ஐரின் இரண்டு தரம் வாசித்தாள். சிவப்புப் பேனையை எடுத்து, அந்தப் பந்தியின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள்.

"எனத்த மகள், அவ்வளவும் பிழையா?"

"எழுத்துப் பிழை இல்ல சேர். சொல்லியிருக்கிறதே பிழை." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள். "அந்தப் புள்ளடிய நீங்க போடல்ல. நான்தான் போட்டேன். நீங்க கையெழுத்து வச்சிட்டுப் போனதுக்குப் பொறகு. விலையக் குறைக்கிறதுக்கு."

லாபிர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத அவருடைய கண்கள் சின்னதாக, வெளிச்சம் படாதவைபோல இருந்தன.

"அப்ப... நான் மறக்கல்ல?"

"இல்ல சேர். நீங்க ஒன்னும் மறக்கல்ல."

"நான் மறக்கல்ல" என்று அவர் தமக்குள் சொன்னார். மூச்சு ஒன்று நீளமாக வெளியே போனது. கழுத்து, தோள், கை எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகத்தில் ஏறக்குறைய சந்தோஷம் என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. தன்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, ஐரினுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியிருந்ததே, அதுதான்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு மற்றது வந்தது.

"அண்டைக்கு எங்கட ஊட்டுக்கு வந்தீங்க. தேத்தண்ணி குடிச்சீங்க. நான் நானாட கதையச் சென்னேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் சேர்."

"தெரிஞ்சிட்டுத்தான் வயசு போனா எல்லாருக்கும் வரும்னு சென்னீங்க?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து மேசையில் யாரோ புது மோட்டார்சைக்கிளுக்குக் காப்புறுதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு என்று இயந்திரம் மூன்று மொழியிலும் கூப்பிட்டது.

"காரு போனாப் போகட்டும். ஆண்டவன் தந்தான், எடுத்தான்." லாபிரின் குரல் உயரவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இந்த மூணு கெழமையா நான் என்னையே நம்பல்ல. தொழக்குள்ள எத்தனை ரக்அத் தொழுதேன்னு அவகிட்டக் கேட்டேன். கட்டில்ல படுத்துக்கிட்டு அவ எண்ணிச் சென்னா. விளங்குதா உங்களுக்கு?"

அவள் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொப்பியைச் சேர்ட் பைக்குள் வைத்தார்.

"இப்ப சென்னத எழுதித் தாங்க மிஸ்" என்றார்.

மிஸ். நான்கு மாதமாக மகள் என்று கூப்பிட்டவர். ஐரின் எழுதத் தொடங்கினாள். கண்ணாடி அறைக் கதவு திறந்தது. கிருஷாந்தன் வாசலில் நின்று, முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "ஐரின், ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ" என்றான்.

"இத முடிச்சிட்டு வாறேன் சேர்" என்றாள் அவள். தன்னுடைய பெயரை முழுதாக எழுதி, கீழே அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினாள். கிருஷாந்தனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. லாபிர் தாளை நாலாக மடித்துக்கொண்டு, சலாம் சொல்லாமல், நன்றி சொல்லாமல், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று கடிதம் வந்தது. கொழும்புக்கு இரண்டு தரம் போய் வந்தாள். நீள மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதே கேள்வியை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேட்டார்கள், யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றாள். லாபிரின் கோரிக்கை மீளாய்வில் இருப்பதாகச் சொன்னார்கள். கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. ரொனி இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் தேத்தண்ணி போட்டு அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஐரின் குண்டசாலைச் சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், போட்டோப் பிரதி எடுக்கவும் விண்ணப்பங்கள் தட்டச்சுச் செய்யவும் சேர்ந்தாள். முன்னைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

பெப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு வந்தன.

"அவருக்கு... டெஸ்ட்... எடுத்த. ஒன்டுமில்லியாம். டொக்டர்... செல்லிட்டார்."

மாமி என்று கூப்பிடுவதா, மெடம் என்பதா என்று ஐரினுக்குத் தெரியவில்லை.

"அவர்... உங்கட பேர... எடுக்கிறல்ல" என்றார் கைரியா. அதில் கோபமும் இருக்கவில்லை, சமாதானமும் இருக்கவில்லை. "நான்தான்... செல்லணும்னு..."

முடிக்கவில்லை. தூரத்தில், முற்றத்திலோ குசினியிலோ, லாபிரின் குரல் கேட்டது. "ஆரு அது?"

"ஆருமில்ல" என்றார் கைரியா.

ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. மெத்தையின் மேலோ மடியின் மேலோ அதை வைத்திருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. தும்புத்தடியால் எதையோ தேய்க்கும் சத்தம், நிறுத்தி, மறுபடியும். ஒரு காகம். யாரோ கதிரையை இழுத்தார்கள். ரொனியின் ஈரச் சேர்ட் ஒரு கையில் தொங்க, அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தன்னுடைய பாதத்தை நனைக்க, ஐரின் கயிற்றுக்குக் கீழே அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.